சனியின் சந்திரனும் நம் சந்திரசேகரரும்

தென்காசிக்கு அடுத்த இலத்தூரில் மதுநாதர் கோயிலுக்குச் செல்வோரில் பலர் எள் தீபம் ஏற்றிச் சனீசுவரனை வழிபடவே செல்கிறார்கள். அந்தச் சனிக் கிரகத்தைச் சார்ந்த விஷயம் ஒன்றை இவ்வாரம் சொல்ல விரும்புகிறோம்.

சனியைச் சுற்றும் சந்திரர்களில் பெரியது டைட்டன். அதன்மீது பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை நிறமாலையாக விரித்துப் பார்த்துக் கைப்பர் என்னும் அறிஞர் 1944-ல் ஓர் அதிசயத்தை அறிவித்தார். செந்நிறப் பகுதியில் சில இடங்கள் இருண்டிருந்தன. மீதேன் வாயு விழுங்கிவிட்ட ஒளி அது! ஆகவே அங்கே வாயுமண்டலம் உண்டு. ஆனால் எவ்வளவு? அதற்குக் கண் போதாது, கணக்கு வேண்டும். இன்ன வாயு, இன்ன அழுத்தம் என்று ஒரு மாதிரியைப் பாவித்துக்கொண்டு, அதில் ஒளி சிதறி மீளும் விதத்தைக் கணக்கிட்டு, கண்ட நிறமாலையுடன் ஒத்துப் பார்க்கவேண்டும். ஒளி சிதறும் அந்தக் கணக்கைச் செம்மையாக வகுத்து 1950-ல் நூலாக வெளியிட்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சுப்பிரமணியன் சந்திரசேகர். கைப்பர் பணிபுரிந்த அதே அமெரிக்க யெர்க்ஸ் வானாராய்ச்சி நிலையத்தில் 1937 முதல் இருந்தவர் அவர். சென்னையிலிருந்தே அதை எழுதியிருக்கலாகாதா என்று நம் மனம் ஏங்கத்தான் செய்கிறது.

கணக்கும் சில சமயம் இரண்டு வழி காட்டும். 1970-களில் டைட்டனுக்கு மெல்லிய மீதேன் போர்வையே என்றது ஒரு மாதிரி. கனத்த நைட்ரஜன் மண்டலம் என்றது மற்றொன்று. கைப்பர் பார்த்த ஒளியில் நைட்ரஜன் சுவடு காட்டாதே! 1980-ல் வாயேஜர்-1 அருகே சென்று வழக்கைத் தீர்த்தது. நைட்ரஜன்தான், தரைமட்டத்தில் அதன் அழுத்தம் நம் பூமியிலுள்ளதைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.