பந்து திருப்பிச் சுடாதா மாப்ள?

மக்களே, வேலோரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக்னு ராத்திரி கண் முழிக்கிறவங்களுக்கான பதிவு இது. மத்தவங்களும் ஓடிடாதீங்க, நடுவுல லாரி வருது :-)

குறி பார்த்துச் சுடப் பழக்குற மென்பொருளுக்கு எய்ம் டிரெய்னர்னு பேரு. கோவாக்ஸ், எய்ம் லேப் ரெண்டும் 2018-ல ஸ்டீமுக்கு வந்தவை. எய்ம் லேபை ஆரம்பிச்ச வெய்ன் மேக்கி ஒரு நரம்பியல் ஆய்வாளர். "படிச்ச மனுசன் செஞ்சது, தப்பாவா இருக்கும்?"னு நானும் குதிச்சேன். அதுல கிரிட்ஷாட்னு ஒரு பயிற்சி. சுவத்துல மூணு பந்து, ஒண்ணைச் சுட்டா வேற இடத்துல இன்னொண்ணு முளைக்கும், 60 விநாடி. தினம் ஒரு மணி நேரம், மூணு மாசம். ஸ்கோர் எகிறிடுச்சு. வேலோரண்ட் ரேங்க்? சில்வர்லயே சம்மணம் போட்டு உக்காந்திருந்துச்சு.

நாமக்கல்லுல இருந்து சேலத்துக்கு எங்க வீட்டுக்கு வந்த மாமா, முப்பது வருசமா லாரி ஓட்டுறவர், பின்னாடி நின்னு பார்த்துட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, அந்தப் பந்து திருப்பிச் சுடாதா?"

சுடாதுங்க மாமா. அங்கதான் கோட்டை விட்டேன்!

வேலோரண்ட்ல ஓடிக்கிட்டே சுட்டா குண்டு சிதறும், நின்னு சுடணும். மூலை திரும்புறதுக்கு முன்னாடியே குறி எதிரியோட தலை உயரத்துல இருக்கணும். காலடிச் சத்தம் கேக்கணும். கிரிட்ஷாட் இதுல எதையும் சொல்லித் தராது. ஆர்.டி.ஓ. மைதானத்துல எட்டு போட்டவனெல்லாம் தொப்பூர் கணவாய்ல லோடு வண்டியை இறக்கிட முடியுமா?

அதுக்காக எட்டே வேண்டாம்னு சொல்லலை. குறுக்கு வழிக்குப் போனவங்க கதையும் தெரியுமே. 2018 அக்டோபர்ல ஷாங்காய் போட்டியில ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருத்தர், குறி பார்க்க உதவுற திருட்டு மென்பொருளோட மாட்டினார். அவருக்கு 5 வருசத் தடை, அணியையே கலைச்சுட்டாங்க. கூட ஆடின நாலு பேர் என்ன பாவம் பண்ணாங்க? அதுக்கு மெதுவா முன்னேறுறது எவ்வளவோ மேல்.

இப்ப என் கணக்கு இதுதான்: ஆட்டத்துல வெச்சிருக்கற அதே மவுஸ் வேகத்துல 15 நிமிசம் டிரெய்னர், அப்புறம் டெத்மேட்ச், ராத்திரி நான் செத்த இடங்களைத் திருப்பிப் பார்க்குறது. பாதிச் சாவுக்குக் காரணம் குறியே இல்லை, நின்ன இடம்!

டிஸ்கி: இப்ப கோல்டு. மாமாகிட்ட சொன்னேன். "எத்தனை பவுன்?"னு கேட்டார்.