கோப்பையை எண்ணுவது விமர்சனமா?

ஸ்னூக்கர் ஆட்டக்காரர் அலெக்ஸ் ஹிக்கின்ஸின் ரசிகர்களைக் குறிவைத்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில் ஒரு விசித்திரம் உண்டு. ஸ்னூக்கர் பற்றிய கட்டுரை என்று பெயர்; ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒரு பந்துகூடக் குழியில் விழவில்லை. ஒரேயொரு ஷாட் பற்றிக்கூடப் பேச்சில்லை. இருப்பதெல்லாம் ஒரு கோப்பைப் பட்டியலும் ஒரு குற்றப்பத்திரிகையும்தான். இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, 2010இல் மறைந்த ஓர் ஆட்டக்காரரை இன்னும் நெஞ்சில் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஏமாளிகள் என்று தீர்ப்பெழுதிவிட்டார் கட்டுரையாளர்.

அவர் வைக்கும் வாதங்கள் நான்கு: ஹிக்கின்ஸ் வென்றது குறைவு, ஆடிய முறை தவறு, ஆள் மோசம், கனவான்களின் ஆட்டத்தைக் கெடுத்தவர். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் எண்ணிக்கை. ஹிக்கின்ஸுக்கு 1972, 1982 என இரண்டே உலகப் பட்டங்கள். ரே ரியர்டனுக்கும் ஸ்டீவ் டேவிஸுக்கும் தலா ஆறு. ஸ்டீபன் ஹென்ட்ரிக்கும் ரானி ஓசல்லிவனுக்கும் தலா ஏழு. எண்கள் பொய் சொல்லாது என்கிறார் கட்டுரையாளர். நல்லது, எண்களையே பேசவிடுவோம். ஜோ டேவிஸ் 1927 முதல் 1946 வரை 15 முறை உலகப் பட்டம் வென்றவர். உலகப் போட்டியில் ஒருமுறைகூடத் தோற்காதவர். கட்டுரையாளரின் அளவுகோலை வைத்தால் ஸ்னூக்கரின் வரலாறு அவரோடு முடிந்துவிட வேண்டும். உண்மையிலேயே முடியத்தான் பார்த்தது. ஆட ஆளில்லை, பார்க்க ஆளில்லை; 1957க்குப் பிறகு உலகப் போட்டியே நின்றுபோனது. 1964இல்தான், அதுவும் நடப்புச் சாம்பியனுக்கு ஒருவர் சவால் விடுகிற முறையில், மீண்டும் தலைகாட்டியது. 15 பட்டங்களால் ஓர் ஆட்டத்தை உயிரோடு வைத்திருக்க முடியவில்லை. இதில் ஜோ டேவிஸ் மீது குற்றமில்லை. கோப்பைக் கணக்கு ஒன்று, மக்கள் மனத்தில் ஓர் ஆட்டம் பிழைத்திருப்பது வேறொன்று. அவ்வளவுதான்.

அந்த இரண்டு பட்டங்களில் முதலாவது எங்கே, எப்படி வந்தது என்றாவது கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். உலகப் பட்டம் என்றதும் அவர் கண்முன் வருவது ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கமும் இன்று வெல்பவர் வாங்கும் 5 லட்சம் பவுண்டும். 1972 இறுதிப் போட்டி நடந்தது பர்மிங்காமின் செல்லி பார்க்கில், முன்னாள் படைவீரர்களின் மன்றம் ஒன்றில். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தால் பிரிட்டன் மின்வெட்டில் கிடந்த பிப்ரவரி அது. பியர் பெட்டிகள்மேல் பலகை போட்டு உட்கார்ந்து பார்த்தது கூட்டம். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த 22 வயதுப் பையன், தான் கலந்துகொண்ட முதல் உலகப் போட்டியிலேயே, ஜான் ஸ்பென்சரை 37–32 என்று சாய்த்தான். பரிசு 480 பவுண்டு. சரியாகப் பத்தாண்டு கழித்து அதே ஆள் குரூசிபிளில் வென்றபோது பரிசு 25,000 பவுண்டு.

இந்தப் பத்தாண்டுக்குள் என்ன நடந்தது? வண்ணத் தொலைக்காட்சி பரவியது. 1969இல் பிபிசி தொடங்கிய 'பாட் பிளாக்' நிகழ்ச்சி வீடுகளுக்குள் ஸ்னூக்கரைக் கொண்டுபோனது. 1977இல் உலகப் போட்டி குரூசிபிளுக்குக் குடியேறியது. எல்லாவற்றையும் ஹிக்கின்ஸ் ஒற்றை ஆளாகச் செய்தார் என்று எந்த ரசிகனாவது சொன்னால் அது புளுகு. ஆனால் பந்துகளை வண்ணத்தில் காட்டக் கருவி வந்தால் மட்டும் போதுமா? நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றிச் சுற்றி நடப்பதை ஏன் பார்க்க வேண்டும்? அடுத்து என்ன செய்வானோ என்ற பதைப்பைக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர்களில் முதல்வர் ஹிக்கின்ஸ். 1985இல் டெனிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் மோதிய இறுதி ஆட்டத்தை நள்ளிரவு தாண்டியும் 1.85 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த மேசையில் ஹிக்கின்ஸ் இல்லை. ஆனால் பார்க்க உட்கார்ந்த கூட்டத்தில் கணிசமான பகுதி அவர் சேர்த்து வைத்துவிட்டுப் போனது. கட்டுரையாளர் பெருமையோடு எண்ணிக் காட்டும் பிற்காலக் கோப்பைகளுக்கு மதிப்பு வந்ததும் அந்தக் கூட்டத்தால்தான்.

இரண்டாவது வாதம் ஆட்டமுறை. அடிக்கும்போது தலை ஆடுகிறதாம், உடம்பு மேசையைவிட்டு எழும்புகிறதாம், பயிற்சிப் புத்தகத்தில் கூடாது என்று எழுதியதையெல்லாம் செய்தாராம். உண்மைதான். ரசிகர்களுக்கு இது தெரியாது என்றா நினைக்கிறார்? முதல் நாளே தெரியும். புத்தகம் என்ன செய்யும், ஹிக்கின்ஸ் என்ன செய்வார் என்ற வித்தியாசத்தைக் காணத்தான் அவர்கள் டிக்கெட் வாங்கினார்கள்.

1982 அரையிறுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரில் 20 வயது ஜிம்மி வைட். முதலில் 16 ஃபிரேம், அதாவது தனி ஆட்டங்கள், எடுப்பவருக்கு வெற்றி. வைட் 15–14 என்று முன்னால் நிற்கிறார். நடக்கிற ஃபிரேமிலும் 59–0. இன்னும் சில பந்துகள் விழுந்தால் இறுதிப் போட்டி அவருக்கு. அந்த நேரத்தில் ஒரு சிவப்பைத் தவறவிடுகிறார். ஹிக்கின்ஸ் நாற்காலியைவிட்டு எழுந்து வருகிறார். இனி ஒரு பந்து தவறினாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வெள்ளைப் பந்தோ ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் வேண்டாத இடத்தில் போய் நிற்கிறது. சுத்தமான நிலையில் ஆடக் கிடைத்த பந்துகள் மிகக் குறைவு.

நடுவில் அந்த நீலப் பந்து. எளிதான குழி எதுவுமில்லை. பச்சைப் பந்துப் பக்கத்து மூலைக் குழிதான் வழி. அதில் போடுவதே கடினம். போட்டால் மட்டும் போதாது, வெள்ளைப் பந்து மேசையின் மறுகோடிக்கு, கறுப்பும் இளஞ்சிவப்பும் இருக்கும் பக்கம் திரும்பி வந்தாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த சிவப்பு கிடைக்காது, ஆட்டம் முடிந்தது. ஹிக்கின்ஸ் பந்தைப் பின்னிழுத்து, இடப்பக்கச் சுழற்சியை அள்ளிக் கொடுத்து, பக்கக் குஷனில் மோதவிட்டு வேண்டிய இடத்துக்குத் திருப்பினார். நீலம் குழிக்குள். நூறு முறை ஆடிப் பார்த்தாலும் வெள்ளைப் பந்தை அந்த இடத்தின் அருகில்கூடக் கொண்டுவர முடியாது என்று பின்னாளில் சொன்னவர் டெனிஸ் டெய்லர். அவரும் ஓர் உலகச் சாம்பியன். ஹிக்கின்ஸ் மிச்சமிருந்த பந்துகளையும் துடைத்தெடுத்தார். இடைவிடாமல் எடுத்தது 69 புள்ளி. ஃபிரேம் அவருக்கு, ஸ்கோர் 15–15. அடுத்த ஃபிரேமும் அவருக்கே. பிறகு இறுதிப் போட்டியில் ரியர்டனோடு 15–15 என்று சமநிலையில் நின்று, தொடர்ந்து மூன்று ஃபிரேம் எடுத்து, கடைசி ஃபிரேமில் 135 புள்ளியோடு மேசையையே துடைத்தெடுத்துப் பட்டத்தை வாங்கினார்.

புத்தகப்படி ஆடுகிறவர் அந்த நீலத்தைத் தொட்டிருக்க மாட்டார். பாதுகாப்பாகத் தட்டிவிட்டு நாற்காலிக்குப் போய், வைட் தவறுவாரா என்று காத்திருப்பார். பெரும்பாலும் தோற்றிருப்பார். சரியான முறையில் தோற்றார் என்று கட்டுரையாளர் பாராட்டியிருப்பார்.

புத்தக ஆட்டத்தின் தலைமாணாக்கர் என்றால் அது ஸ்டீவ் டேவிஸ்தான். 1983 யுகே சாம்பியன்ஷிப் இறுதியில், உலகச் சாம்பியனாக இருந்த டேவிஸ் 7–0 என்று முன்னால் போன பிறகு, அதே ஹிக்கின்ஸ் 16–15 என்று ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். அந்த டேவிஸே ஸ்னூக்கர் கண்ட உண்மையான மேதை என்று ஹிக்கின்ஸைத்தான் எழுதி வைத்திருக்கிறார். ஆறு பட்டம் வென்றவருக்குத் தெரிந்தது, பட்டங்களை எண்ணியவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாதம் ஆளின் நடத்தை. இங்கேதான் கட்டுரையாளர் வெற்றிக்களிப்போடு கையைத் தட்டுகிறார். குடித்தார், சூதாடினார், சம்பாதித்ததையெல்லாம் அழித்தார். 1986இல் போட்டி அதிகாரி ஒருவரைத் தலையால் முட்டி 12,000 பவுண்டு அபராதமும் ஐந்து போட்டிகளுக்குத் தடையும் வாங்கினார். 1990இல் இன்னோர் அதிகாரியைக் குத்தி, அடுத்த பருவம் முழுக்கத் தடைபட்டார். அதே ஆண்டு, தன்னோடு அயர்லாந்து அணியில் நின்று மூன்று முறை உலகக் கோப்பை வென்ற டெனிஸ் டெய்லரைச் சுட வைப்பேன் என்று மிரட்டினார். வட அயர்லாந்தில் பிணங்கள் விழுந்துகொண்டிருந்த காலம் அது. அங்கே அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. இவற்றில் எதையும் நான் மழுப்பப் போவதில்லை. கிடைத்த தண்டனை சரிதான். சில செயல்களுக்கு அது போதாது என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் இதிலிருந்து கட்டுரையாளர் தாவும் இடத்தைப் பாருங்கள்: "அவரை ரசிப்பவர்கள் இந்த அடாவடியைத்தான் ரசிக்கிறார்கள்." எந்த ரசிகர் சொன்னார்? அதிகாரியை அடித்ததற்காகக் கைதட்டியவர் யார்? டெய்லரை மிரட்டியதற்காக ஹிக்கின்ஸைக் கொண்டாடியவர் யார்? ஒருவரைக்கூடக் கட்டுரையாளரால் காட்ட முடியவில்லை, காட்டாமலே தண்டித்துவிட்டார். ரசிகர் ரசித்தது நீலப் பந்தை. 1989 ஐரிஷ் மாஸ்டர்ஸ் இறுதியை. அந்த ஆண்டு ஜன்னலிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்ட ஹிக்கின்ஸ், 40 வயதில், தாங்கித் தாங்கி நடந்து, ஹென்ட்ரி என்ற இளம்புலியை 9–8 என்று வீழ்த்தினார். அடுத்த ஆண்டு உலகச் சாம்பியன் ஆனவர் அந்த ஹென்ட்ரி. திறமையைப் போற்றுவதும் நடத்தையை மன்னிப்பதும் ஒன்றல்ல. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். கட்டுரையாளருக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் கட்டுரை எழுத முடியாது.

நான்காவது வாதம்தான் வேடிக்கை. கனவான்களின் ஆட்டத்தை ஹிக்கின்ஸ் தெருவுக்கு இழுத்து வந்துவிட்டாராம். எந்தக் கனவான்கள்? 1875 வாக்கில் ஜபல்பூர் ராணுவ விடுதியில் பொழுது போகாத ஆங்கில அதிகாரிகள் காசு வைத்து ஆடிய பூல் ஆட்டங்களிலிருந்து முளைத்தது இது. அதன் விதிகள் நம் ஊட்டி கிளப்பின் சுவரில் மாட்டப்பட்டவை. பிரிட்டனுக்குப் போன பிறகு இதைப் பிழைக்க வைத்ததும் கனவான்கள் அல்ல. சுரங்கத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய பில்லியர்ட்ஸ் கூடங்கள். ரியர்டனே சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஹிக்கின்ஸ் படித்த பள்ளியும் பெல்ஃபாஸ்டின் 'ஜாம்பாட்' என்ற அப்படிப்பட்ட கூடம்தான். ஆட்டத்தைத் தெருவுக்கு இழுத்தவர் அல்ல அவர். ஆட்டம் ஏற்கெனவே வாழ்ந்த தெருவிலிருந்து வந்தவர்.

கனவான் வேடம் பற்றி இன்னொன்று. 1976 முதல் 2005 வரை உலகப் போட்டிக்குப் பணம் கொடுத்தது எம்பஸி என்ற சிகரெட். போ டையும் வெயிஸ்ட்கோட்டும் அணிந்தவர்கள் மேசை அருகிலேயே புகைத்த காலம். கழுத்தில் போ டை கட்டமாட்டேன் என்று டாக்டர் சான்றிதழ் நீட்டிய ஹிக்கின்ஸும் ஓயாமல் புகைத்தவர்தான். தொண்டைப் புற்றுநோய் அவரை வதைத்தது. ஒழுக்கம் பேசும் கட்டுரையில் ஹிக்கின்ஸின் குடிக்கு நாலு பத்தி. ஆட்டத்தை நடத்திய புகையிலைப் பணத்துக்கு ஒரு வரிகூட இல்லை. ஒழுக்கமும் ஆள் பார்த்துத்தான் வரும்போலும்.

கடைசியாக, ஏமாளிகள் என்று ஏசப்பட்ட அந்த ரசிகர்களைப் பற்றி. கோப்பை வெல்லும்போது கூடவே ஓடுவது பெரிய காரியமில்லை. ஹிக்கின்ஸிடம் பணம் போய், குரல் போய், கதிர்வீச்சுச் சிகிச்சையில் பற்களும் போன பிறகு, புதுப் பல் வைக்கப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். 2010 ஆகஸ்ட் 2 அன்று குதிரை வண்டியில் அவர் உடல் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் போனபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். செயின்ட் ஆன்ஸ் பேராலயத்துக்குள் ஜிம்மி வைட் இருந்தார். ஏழு பட்டம் வென்ற ஹென்ட்ரியும் இருந்தார். கட்டுரையாளரின் கணக்குப்படி ஹென்ட்ரி அங்கே வந்திருக்கவே தேவையில்லை.

கட்டுரையாளருக்கு ஒரு வேண்டுகோள். 1982 அரையிறுதியின் 30ஆவது ஃபிரேம் பதிவாகி இருக்கிறது. அடுத்த கட்டுரை எழுதும்முன் அதை ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகும் இரண்டு பட்டம்தானே என்று தோன்றினால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் ஸ்னூக்கர் பற்றி வேண்டாம்.