சிப்பியின் பசையைச் செய்யுமா பாக்டீரியா? கைகொடுக்கும் மரபுக் குறியீட்டு விரிவாக்கம்

கொச்சி: வைப்பின் தீவை ஒட்டிய உப்பங்கழிகளில் பரவியுள்ள அமெரிக்கச் சிப்பியினமான மைட்டெல்லா, வலை, கம்பம், மீன் கூண்டு என எதிலும் ஒட்டிக்கொள்வதால் மீனவர்களுக்குத் தொல்லை. ஆனால், தண்ணீரிலும் தளராத இத்தகைய சிப்பிகளின் பிடியே ஈரமான காயத்தை ஒட்டும் மருத்துவப் பசைக்கு முன்மாதிரியாக ஆய்வாளர்களை ஈர்க்கிறது.

சிப்பிப் பசையின் பிடிப்புக்கு முக்கியக் காரணம் 'டோபா' என்ற அமினோ அமிலம். மரபுக் குறியீட்டின் வழக்கமான 20 அமினோ அமிலங்களில் அது இல்லை. சிப்பி முதலில் டைரோசினைக் கொண்டு புரதத்தைக் கட்டி, பின்னர் நொதியின் உதவியால் அதை டோபாவாக மாற்றுகிறது. சிப்பியின் மரபணுவைப் பெற்ற பாக்டீரியாவுக்கு அந்த இரண்டாம் வேலை தெரியாது.

ஆகவே குறியீட்டையே விரிவாக்குகின்றனர். மொத்தமுள்ள 64 மூன்றெழுத்துக் குறியீடுகளில் மூன்று, புரத உற்பத்தியை நிறுத்தச் சொல்பவை. அவற்றில் ஒன்றைப் புதிய அமினோ அமிலத்துக்கான கட்டளையாக அமெரிக்காவின் பீட்டர் ஷுல்ட்ஸ் குழு 2001இல் மாற்றியது; 2003இல் டோபாவையும் அவ்வாறே சேர்த்தது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இத்துறையில் ஆய்வு நடக்கிறது.

மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை, பூனைக்காலி விதையிலேயே டோபா உண்டு. சிக்கல் விளைச்சலில்தான். நிறுத்தக் குறியீட்டில் பல வேளைகளில் செல் உண்மையிலேயே நின்றுவிடுவதால் புரதம் அரைகுறையாகிறது. பசைக்கோ ஓரிடத்தில் டோபா இருந்தால் போதாது. இடங்கள் கூடக் கூட முழுப் புரதம் கிடைப்பது குறைகிறது.