முற்றத்து அந்தஸ்தும் கராஜ் கணக்கும்

விடுமுறையில் ஊருக்கு வரும் உறவுகள் பாசத்தோடு பல ஆலோசனைகளை விட்டுச் செல்கிறார்கள். அவற்றுள் மிகவும் விலைகூடியது இது: "இந்தக் காசுக்குப் புதிய சின்னக் கார் எதற்கு? பழசென்றாலும் நல்லதொரு ஜேர்மன் காராக எடு." ரொறன்ரோவிலோ லண்டனிலோ அது சரியாக இருக்கலாம். இங்கே அது தவறு என்பதே என் வாதம்.

என் ஒன்றுவிட்ட தம்பி கொக்குவிலில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய பணிக்கொடையோடு கனடாவிலுள்ள தமையனும் ஒரு பங்கு சேர்த்தார். நிபந்தனை ஒன்றுதான்: பெயர் சொல்லக்கூடிய காராக இருக்கவேண்டும். பன்னிரண்டு வயதான ஜேர்மன் வாகனமொன்று முற்றத்தில் வந்து நின்றது. அயலவர்கள் வந்து வியந்தனர். எட்டாம் மாதம் கியர்பொக்ஸ் பழுதாயிற்று. பழுதைக் கண்டறியும் கணினியும் அதைக் கையாளத் தெரிந்தவரும் கொழும்பில்தான் இருந்தனர். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் அந்தக் கார் லொறியின் முதுகில் பயணம் செய்தது. திருத்தச் செலவைக் கேட்ட தம்பி, காரைக் கிடைத்த விலைக்கு அங்கேயே விற்றுவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பினார். இன்று மனைவியைக் கிளினிக்குக்கு ஓட்டோவில் அழைத்துச் செல்கிறார்.

ஆலோசனை சொல்வோர் மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. பழைய காரின் விலை குறையும்; அதன் உதிரிப்பாகங்களின் விலை குறைவதில்லை. புதிதாக விற்கப்பட்டபோது அது எந்த வகுப்பைச் சேர்ந்த வாகனமோ, அந்த வகுப்பின் விலையிலேயே பாகங்களும் கிடைக்கும். வாங்குபவர் தம் வருமானத்துக்கேற்ற விலையில் வாங்கி, இன்னொருவரின் வருமானத்துக்கேற்ற செலவில் பராமரிக்கிறார்.

காரின் விலையாவது இங்கே ஒழுங்காகக் குறைந்ததா? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, பாகங்களின் விலையும் அதன் பின்னால் ஓடியது. பழைய உயர்ரகக் காரின் ஒரே கவர்ச்சியான மலிவு விலையும் நமக்குக் கிட்டவில்லை.

"பாதுகாப்பு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2014 இல் குளோபல் என்கப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறிய கார்களின், காற்றுப்பை இல்லாத அடிப்படை வகைகளை மோதிப் பார்த்தது. ஐந்துக்கும் பூச்சிய நட்சத்திரமே கிடைத்தது. ஆகவே காற்றுப்பை இல்லாத புதிய காரை எவரும் வாங்கவேண்டாம் என்பேன். ஆனால் பழைய காரின் காற்றுப்பையும் முதுமையடையும். டக்காட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகள் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் காலப்போக்கில் பழுதடைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசி உயிர்களைப் பறித்தன. திருப்பி அழைக்கப்பட்ட கோடிக்கணக்கான வாகனங்களில் ஜேர்மன் கார்களும் இருந்தன. வெப்பமும் ஈரமும் நம் நாட்டில் குறைவா?

புதிய சிறிய கார் இங்கே மலிவு என்று நான் சொல்லவில்லை. அரசு அறவிடும் வரியைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம். புதியதற்குக் கையிருப்புப் போதாவிட்டால், ஊர் மெக்கானிக்குக்குத் தெரிந்த, பாகங்கள் கடைத்தெருவில் கிடைக்கும் ஜப்பானியச் சிறிய காரொன்றைப் பழையதாகவே எடுங்கள். கார் ஓடவேண்டும், அதுதான் அதன் வேலை.

புலம்பெயர்ந்த உறவுகளே, பணம் அனுப்புங்கள், நன்றியோடு பெற்றுக்கொள்வோம். காரின் பெயரைத் தெரிவுசெய்யும் உரிமையை மட்டும், கராஜ் பற்றுச்சீட்டுக்குப் பணம் கட்டப்போகிறவரிடம் விட்டுவிடுங்கள்.