இசைத்தட்டுக்கு இரண்டு பக்கம்

போன இதழில் பரணை ஒழிப்பது பற்றி எழுதினாலும் எழுதினேன், ஒரு சகோதரி உடனே கடிதம் போட்டுவிட்டார். 'எங்கள் பரணில் மாமனார் காலத்து கிராமபோன் பிளேட்டுகள் ஒரு பெட்டி கிடைத்தது. எடைக்குப் போட்டுவிடலாமா, அல்லது துடைத்துப் போட்டுக் கேட்கலாமா?' என்று.

வேண்டாம், எடைக்குப் போடவே வேண்டாம்! ஆனால் அவசரப்பட்டுத் துடைக்கவும் வேண்டாம். ஏன் இப்படிப் பதறுகிறேன் என்றால், பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

போன சித்திரையில் எங்கள் வீட்டுப் பரணிலிருந்தும் ஒரு தகரப் பெட்டி இறங்கியது. மேலே மாமா வாங்கிச் சேர்த்த எல்.பி. தட்டுகள். அடியில், அத்தை கும்பகோணத்தில் தன் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த கனத்த பழைய தட்டுகள் ஏழு. மாமா காலமாகி அப்போது ஒரு வருஷம். அத்தை பேச்சையே குறைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டீர்களா என்றால் ஆச்சு என்பார், அவ்வளவுதான். இந்தத் தட்டுகளைப் பாட வைத்தால் அவர் முகம் மலருமே என்று எனக்கு ஓர் ஆசை.

தட்டுகளில் பூஞ்சணம் பூத்திருந்தது. 2020-ல் கொரோனா சமயத்தில் வாங்கி மீந்த ஸ்பிரிட் பாட்டில் அலமாரியில் இருந்தது. பஞ்சில் நனைத்து, மேலாக இருந்த பழைய தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். பஞ்சு கன்னங்கரேல் என்று ஆனது. 'அடேயப்பா, எவ்வளவு அழுக்கு!' என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு பக்கம் முழுக்கத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பார்த்தால், பளபளவென்று இருக்க வேண்டிய தட்டு சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கிறது. போனது அழுக்கு இல்லை, அம்மா. தட்டே கரைந்து வந்திருக்கிறது!

அந்தக் காலத்துத் தட்டுகளில் முக்கியச் சரக்கு அரக்கு. தச்சர் மர சாமானுக்குப் பாலிஷ் போடும்போது என்ன செய்கிறார்? அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்! அதையேதான் நானும் செய்திருக்கிறேன்.

அத்தை வந்து பார்த்தார். தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில் என்.சி. வசந்தகோகிலம் என்று பெயர். "இது எங்கம்மா ஆசையா வாங்கின தட்டு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வசந்தகோகிலம் 1951-லேயே, இளம் வயதில் காலமானவர். எல்.பி. தட்டு அமெரிக்காவில் வெளிவந்ததே 1948-ல். நம் பக்கம் வந்து சேர இன்னும் சில வருஷங்கள் ஆயின. ஆகவே அந்தக் குரல் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இந்த அரக்குத் தட்டுகளிலும் ஒரு சில சினிமாக்களிலும்தான். அப்படிப்பட்டதை நான் பஞ்சால் துடைத்து எடுத்திருக்கிறேன்!

மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது அத்தையே சொன்னார்: "ஏம்மா, ஒரு பக்கம்தானே தொடச்சே? அந்தப் பக்கம் அப்படியே இருக்கே. அதைப் போட்டுப் பாரேன்."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் இந்த முறை விசாரிக்காமல் எதையும் தொடுவதில்லை என்று தீர்மானித்தேன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எது எந்தத் தட்டு என்று பாருங்கள்

கனமாக, வளையாமல், பெரும்பாலும் 10 அங்குல அகலத்தில் இருப்பது அரக்குத் தட்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கம் 3 நிமிஷப் பாட்டு. கை தவறினால் பீங்கான் மாதிரி நொறுங்கிவிடும். 12 அங்குல அகலத்தில், லேசாக வளைந்து கொடுப்பது எல்.பி. அது வினைல் என்ற பிளாஸ்டிக். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று. பக்கத்துக்கு 20 நிமிஷத்துக்கு மேல் ஓடும். 7 அங்குலச் சின்னத் தட்டுகள் பெரும்பாலும் 45 சுற்று. மாமாவின் சேகரத்தில் 1963-ல் வெளியான எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இருந்தது. அதை 3 நிமிஷத் தட்டில் அடக்க முடியுமா? எல்.பி. வந்ததால்தான் முள்ளை எடுக்காமல் பக்தியோடு கேட்க முடிந்தது.

முள்தான் முக்கியம்

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு நீளமான கோடு. விளிம்பில் தொடங்கிச் சுருள் சுருளாக நடுவுக்கு வருகிறது. கோட்டின் சுவர்களில் உள்ள நெளிவுதான் பாட்டு. முள் அந்த நெளிவில் அதிர, அந்த அதிர்வு மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. 78 தட்டின் கோடு அகலம், எல்.பி.யின் கோடு மிகவும் சன்னம். அதனால் இரண்டுக்கும் முள் வேறு வேறு. எல்.பி.யில் 78-க்கான முள்ளை வைப்பது, கோணி தைக்கிற ஊசியால் பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது மாதிரிதான். வீட்டில் சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் இருந்தால் அதில் எல்.பி.யைப் போட்டுவிடாதீர்கள். ஒரே தடவையில் உழுதுவிடும்.

புதிதாக பிளேயர் வாங்குகிறவர்கள் கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: 78 சுற்றும் உண்டா? இப்போது வருகிற பல பிளேயர்களில் 33-ம் 45-ம் மட்டும்தான். எல்.பி. மட்டும் கேட்பவர்களுக்கு அது போதும்.

இரண்டு: முள்ளைக் கழற்றி மாற்ற முடியுமா? கை தட்டின் மேல் அழுத்தும் எடையைத் திருத்த முடியுமா? எல்.பி.க்கு அந்த எடை பெரும்பாலும் 2 கிராமை ஒட்டியிருக்கும். அதாவது ஒரு ரூபாய்க் காசின் எடையில் ஏறக்குறைய பாதி. சரியான அளவு முள்ளோடு வரும் காகிதத்தில் இருக்கும். பாட்டு தாண்டித் தாண்டி ஓடினால் முள்ளின் தலையில் காசு வைக்கிற பழக்கம் அந்த நாளில் எங்கள் வீட்டிலும் உண்டு. தட்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை! சூட்கேஸ் மாதிரி மடக்கும் மலிவு பிளேயர்கள் பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் கையின் கனம் அதிகம், குறைக்கவும் வழியில்லை.

மூன்று: ஸ்பீக்கரை நேரே மாட்டலாமா? முள்ளிலிருந்து வரும் மின்சாரம் சில மில்லிவோல்ட்தான். அதைப் பெருக்க 'ஃபோனோ' என்ற பகுதி வேண்டும். பிளேயரிலேயே அது இருந்தால் தனியாகச் செலவில்லை.

வைர முள் 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். பழைய பிளேயர் கிடைத்தால், அதில் இருக்கிற முள்ளோடு நல்ல தட்டைப் போடாதீர்கள். புது முள் போட்டுவிட்டுத்தான் மறு வேலை.

துடைப்பதும் வைப்பதும்

விளிம்பையும் நடுக் காகிதத்தையும் மட்டும் பிடித்து எடுங்கள். கோட்டில் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும், அதில் தூசி ஒட்டும். ஒவ்வொரு தடவை போடும் முன்பும் இதற்கென்றே உள்ள மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டினாலே போதும். அழுக்கு அதிகமென்றால் டிஸ்டில்டு வாட்டரில், அதாவது இன்வெர்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில், ஒரே சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, கோட்டின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரால் ஒரு தடவை. நடுக் காகிதம் நனையக் கூடாது. நிழலில் காய வேண்டும். அரக்குத் தட்டை ஊறப் போடாமல் சட்டென்று துடைத்து உலர்த்துங்கள். ஸ்பிரிட், சானிடைசர் பக்கமே போக வேண்டாம். என் அனுபவம் போதும்!

தட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எல்.பி. வளையும், அரக்கு விரியும். மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் கோடையில் அடுப்பாகிவிடும், அங்கே வேண்டவே வேண்டாம். பிளேயரை ஆடாத, மட்டமான மேஜையில் வையுங்கள். ஸ்பீக்கர் அதே மேஜையில் இருக்கக் கூடாது. கிரைண்டர் ஓடும் மேடையும் ஆகாது. அதிர்வை முள் வாங்கிக்கொள்ளும்.

குழந்தைகள் கை வைப்பார்களே என்று கவலையா? கையை ஏற்றி இறக்கும் சின்ன நெம்புகோல் பல பிளேயர்களில் இருக்கிறது. 'உனக்கு இதுதான் வேலை' என்று அதை மட்டும் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டுச் சின்னவள் அதற்குமேல் எதையும் தொடுவதில்லை.

78-க்கான முள் வந்து சேர இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கேற்றிய பிறகு, வசந்தகோகிலத்தின் தட்டைத் திருப்பி வைத்தேன். என் கை நடுங்கியது. முதலில் காய்ந்த எண்ணெயில் அப்பளம் போட்டாற்போல் ஒரு பொரியல் சத்தம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிறகு அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து குரல் எழுந்தது. என்ன தெளிவு, என்ன பிருகா! அத்தையின் கை தானாகவே தொடையில் தாளம் போட்டது.

மூன்றே நிமிஷம். பாட்டு முடிந்து முள் 'சர்... சர்...' என்று நடுவில் சுற்றியது.

"எங்கம்மா ரெண்டாங்கட்டு நிலைப்படியில உக்காந்துதான் கேப்பாங்க. பெரியவங்க முன்னால கூடத்துக்கு வரமாட்டாங்க. பாட்டு முடிஞ்சதும் முள்ளைத் தூக்க நான்தான் ஓடுவேன்" என்றார் அத்தை. சொல்லிக்கொண்டே எழுந்து போய், அவரே முள்ளைத் தூக்கி வைத்தார். அவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனை நாள் ஆகியிருந்தது!

இப்போதெல்லாம் சாயந்திரம் விளக்கேற்றியதும் ஒரு தட்டில் ஒரு பக்கம். அந்த 20 நிமிஷம் கைபேசிகள் சமையலறை அலமாரியில். எந்தத் தட்டு என்று தேர்ந்தெடுப்பது அத்தை. நெம்புகோல் சின்னவள். துடைக்கிற வேலை மட்டும் என்னுடையது. அதுவும் அத்தையின் மேற்பார்வையில்!

மங்கிப்போன அந்தப் பக்கத்தை நான் இதுவரை போட்டுப் பார்க்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் பரணில் ஏதாவது இருக்கிறதா? வெயில் ஏறுவதற்குள் இறக்கிவிடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.