சுமைதாங்கியைக் கண்டால் சைக்கிளை நிப்பாட்டுங்கோ

யாழ்ப்பாணத்துக்கு ஆரும் வெளியில இருந்து வந்தால் நாங்கள் காட்டுற இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். கோட்டை, நூலகம், நல்லூர், கசூரினா கடற்கரை, திரும்பி வரேக்க ஒரு ஐஸ்கிறீம். ஒரு வாகனமும் ஒரு பகலும் போதும். எங்களோடு படிக்கிற மலையக நண்பர்களுக்கும் மட்டக்களப்பு நண்பர்களுக்கும் முதலாம் வருசத்தில் இதைத்தான் காட்டினோம். மூன்றாம் வருசத்தில் ஹற்றனில் இருந்து வந்த தோழி ஒருத்தி கேட்டாள்: "ஏன், உங்க ஊர்களுக்குள்ள பார்க்க ஒண்ணுமே இல்லையா?"

கொஞ்ச நேரம் ஒருத்தருக்கும் பதில் வரவில்லை. அடுத்த ஞாயிறு விடிய ஐந்தரைக்கு, ஐந்து பேர், திருநெல்வேலியில் இருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிளில் வெளிக்கிட்டோம். இரண்டு லுமாலா, ஒரு பழைய றலி, இரவல் வாங்கினது இரண்டு. போக மட்டும் முப்பது கிலோமீற்றருக்கு மேல். அந்தப் பயணத்தையும், அதுக்குப் பிறகு போன நாலைந்து பயணங்களையும் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். நாங்கள் சொல்ல வருவது இதுதான்: ஊர்களுக்குள் கிடக்கிற சின்னச் சின்ன வரலாற்றுச் சின்னங்களைச் சைக்கிளில் போனால்தான் காணலாம், அவற்றைக் காப்பாற்ற வேண்டிய ஆக்களும் சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் இருக்கிற ஆக்கள்தான்.

சைக்கிள் எங்களுக்குப் புதுப் பொழுதுபோக்கு இல்லை. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது இந்தக் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. நோயாளி, விறகு, அரிசி மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளை எல்லாம் கரியரில்தான் போயின. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்று களைத்தபோது வீட்டுக் கோடிக்குள் கிடந்த சைக்கிள்களைத் திரும்ப எடுத்துக் காத்தடித்தோம். அதனால் இதை ஆரும் வெளிநாட்டு நாகரிகம் என்று சொல்ல வேண்டாம். இது எங்கட அம்மாக்கள் ஓடின ஓட்டம்.

நல்லூரைத் தாண்டினதும் பருத்தித்துறை வீதியிலேயே முதல் நிறுத்தம் வந்துவிடும். சங்கிலியன் தோப்பு வளைவும், அதுக்குக் கிட்ட மந்திரிமனையும், உள்ளே 'ப' வடிவில் யமுனா ஏரியும். மந்திரிமனையை அரசர் காலத்து மந்திரி இருந்த வீடு என்று ஊர் சொல்கிறது. இப்போது நிற்கிற கட்டடம் ஐரோப்பியர் காலத்து வேலைப்பாடு கொண்டது. எந்தக் காலத்தது என்றாலும் காப்பாற்ற வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டே இருந்தோம். 2025இல் மழைக்கு அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விழுந்த பிறகு முகநூல் முழுக்க அந்தப் படம்தான். விழ முதல் எத்தனை பேர் உள்ளுக்குப் போய்ப் பார்த்தோம்?

கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி தாண்டி, புத்தூர்ச் சந்தியில் திரும்பினால் நிலாவரை. இராமர் அம்பு விட்டு உண்டான கிணறு என்று கதை. கதையைச் சொல்லுங்கோ, தவறில்லை. ஆனால் கல்லையும் பாருங்கோ. இந்தக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. மழைத்தண்ணி அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்து நிலத்துக்கு அடியில் குகைகளை உண்டாக்கும். அந்தக் குகையின் கூரை இடிந்து விழுகிற இடத்தில் இப்படி ஆழமான கிணறு திறக்கும். மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்புத்தண்ணி. பாரம் குறைந்த நல்ல தண்ணி உப்புத்தண்ணிக்கு மேல் மிதக்கிறது. எங்கட வீட்டுக் கிணறுகளும் இதே கணக்கில்தான் தண்ணி தருகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறும். நிலாவரை எட்டிப் பார்த்துப் படமெடுக்கிற இடம் மட்டும் இல்லை. ஒவ்வொரு தோட்டக்காரருக்கும் அது ஒரு பாடம்.

ஆறு இல்லாத ஊர் எங்கட ஊர். வழுக்கையாறு இருக்குத்தான், அதுவும் மழைக்கு மட்டும். அதனால்தான் பழைய தெருக்களில் கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கா ஒரு கூட்டம் மாதிரிச் சில சின்னங்கள் நிற்கின்றன: நிழலுக்கு ஒரு மரம், ஆக்கள் இருக்க ஒரு மடம், குளிக்கவும் குடிக்கவும் ஒரு கேணி, மாடு உடம்பை உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சுமைதாங்கி. காரில் போனால் இவை மதிலோடு மதிலாகப் போய்விடும். சைக்கிளில் போகிறவனுக்கு மட்டும் அந்த இடம் வரேக்க சரியாகத் தண்ணி விடாய்க்கும். கட்டினவர்களின் கணக்கு அப்போதுதான் விளங்கும்.

வல்லை வெளியில் காத்து எதிராக அடித்தது. ஒரு மரம் இல்லை. தலையில் கடகத்தோடு இந்த வெளியை நடந்து கடந்த மனிசரை நினைத்துக்கொண்டே மிதித்தோம். நெல்லியடி தாண்டிப் பருத்தித்துறைக்குள் போய்த் தெருமூடி மடத்தைக் கண்டபோது, சொன்னால் நம்பமாட்டியள், ஐந்து பேரும் ஒன்றும் கதைக்கவில்லை. பெயரே சொல்கிறது: தெருவையே மூடின மடம். தெரு நடுவால் போகிறது, இரண்டு பக்கமும் திண்ணை, கல்தூண்கள், மேலே கூரை. சைக்கிளோடு உள்ளுக்குப் போய்த் திண்ணையில் இருந்தோம். ஒரு ஐயா ஏற்கெனவே அங்கே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இருந்தார். "எவடம் பிள்ளையள்? நல்லாக் களைச்சுப் போனியள் போல" என்று கேட்டார். கட்டினவர்கள் எதுக்குக் கட்டினார்களோ அதுக்கே அது இன்னும் பயன்படுகிறது. கண்ணாடிக்குள் பூட்டி வைத்த எந்தப் பொருளும் எங்களுக்கு இந்த உணர்வைத் தந்ததில்லை.

இனி எங்களை உறுத்துகிற கதைக்கு வருகிறோம்.

முதல் பயணத்தில் திரும்பி வரேக்க, பெரிய வீதியை விட்டு ஒரு ஒழுங்கையால் வந்தோம். ஊரின் பெயரை எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்களைக் குற்றவாளி ஆக்குவது எங்கட நோக்கமில்லை. பனைவடலிக்குப் பக்கத்தில் ஒரு சுமைதாங்கி நின்றது. தோளளவு உயரம், சுண்ணாம்புச் சாந்து பெயர்ந்து கல் தெரிந்தது. முன்வீட்டுப் படலையில் நின்ற ஆச்சியிடம் கேட்டோம்.

"அது பிள்ளைத்தாச்சியாச் செத்துப்போன ஒருத்திக்கு வச்சது மோனை. வயித்துப் பாரத்தோட போன சீவன். ஆரும் வந்து பாரத்தை இறக்கி வச்சா அவளின்ர பாரம் குறையுமாம்."

"அவவின்ர பேர் என்ன ஆச்சி?"

"அது தெரியாது. என்ர மாமியாருக்குத் தெரிஞ்சிருக்கும்."

சுமைதாங்கி எதுக்கு வைப்பது என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அதுக்கு முன்னால் நிற்கேக்க வேறு மாதிரி இருந்தது. எங்கட வரலாற்றுப் பாடத்தில் அரசர்கள் வருகிறார்கள், தளபதிகள் வருகிறார்கள், பாதிரிமார் வருகிறார்கள். பிள்ளைப்பேற்றில் செத்துப்போன சாதாரணப் பெண்ணுக்கு ஊர் வைத்த நினைவுச்சின்னம் எந்தப் பாடத்தில் வருகிறது? அந்த ஒழுங்கையில் அது நின்றது.

எட்டு மாதம் கழித்துப் போனோம். ஒழுங்கை கொங்கிறீற் வீதியாகியிருந்தது. சுமைதாங்கி இல்லை. வீதியை அகலிக்கேக்க இடித்து, கல்லை மதகுக்குப் போட்டுவிட்டார்களாம். ஆச்சி சொன்னா: "றோட்டு நல்லாத்தான் இருக்கு மோனை, மழைக்கு வெள்ளம் நிக்கிறேல்லை." அவ சொன்னது உண்மை. வீதி வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இரண்டடி தள்ளி அதைத் தூக்கி வைத்திருக்கலாம். அப்படிச் செய்யுங்கோ என்று சொல்ல ஒருத்தரும் அங்கே இருக்கவில்லை. படமெடுத்த நாங்கள்கூட அந்தப் படத்தைப் போட்டு விருப்பம் எண்ணினோமே தவிர, ஒரு கடிதம் எழுதவில்லை. இதில் எங்கட குற்றமும் இருக்கிறது.

இதுக்கு எதிராக இரண்டு கதை வரும் என்று தெரியும். இரண்டுமே நியாயமானவை.

முதலாவது: "உந்த மடமும் கேணியும் ஆருக்காகக் கட்டினது? எல்லாச் சனத்தையும் விட்டவையோ?" விடவில்லை. ஏறக்கூடாத திண்ணைகளும் அள்ளக்கூடாத கிணறுகளும் இந்த மண்ணில் இருந்தன. பொது இடங்களில் சாதி சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல்தான் வந்தது. அதுக்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிலுக்குள் போகப் போராட வேண்டியிருந்தது. அதனால் 'எங்கட முன்னோரின் தயாளம்' என்று மட்டும் சொல்லிக்கொண்டு இந்தச் சின்னங்களைச் சுற்றிவர எங்களுக்கு மனமில்லை. கேணியைப் பார்க்கேக்க அதில் இறங்க விடாமல் நின்றவர்களையும் சேர்த்துக் கேளுங்கோ. அந்தக் கேள்வியைக் கேட்கவாவது கேணி இருக்க வேணும். இடித்துவிட்டால் அநியாயத்தின் சாட்சியும் சேர்ந்து போய்விடும்.

இரண்டாவது: "தொல்பொருள் எண்டு சொன்னா காணி போகும்." இது வெறும் பயம் இல்லை. குருந்தூர்மலையில் நடந்ததைப் பார்த்த சனத்துக்குத் தொல்பொருள் திணைக்களத்தின் பலகை என்றாலே நெஞ்சு இடிக்கும். பழைய கல் ஒன்று காணிக்குள் வந்தால் ஆருக்கும் சொல்லாமல் மூடிவிடுவோம் என்று நினைக்கிற குடும்பங்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் இதன் முடிவு என்ன? அரசு எங்கட வரலாற்றை எழுதிவிடும் என்ற பயத்தில் நாங்களும் அதை எழுதாமல் விடுகிறோம். ஊரிடம் படமும் அளவும் கதையும் ஒழுங்காக இருந்தால் வெளியில் இருந்து வருகிறவர் தன் விருப்பத்துக்கு ஒரு கதை சொல்வது கஷ்டம்.

இன்னொரு அழிவும் நடக்கிறது, அது அன்பால் நடக்கிறது. வெளிநாட்டுக் காசு வருகிறது. பழைய மடத்துக்குத் தரையோடு பதிக்கிறோம், கேணிக்குக் குளியலறை நிறத்தில் வர்ணம் அடிக்கிறோம், உபயகாரரின் பெயரைக் கறுப்புக் கல்லில் பெரிதாக வெட்டுகிறோம். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே எடுத்து வெளியே விடும். அதுக்கு மேல் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளேயே நின்று கல்லைத் தின்னும். கொடுக்கிற கை நல்ல கைதான். கொடுக்க முதல் ஒரு ஆளைக் கேட்டால் போதும். எங்கட பல்கலைக்கழகத்திலேயே தொல்லியல் படிப்பிக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பது பெரிய வேலை இல்லை. உங்கட ஊரைச் சுற்றி ஐந்து கிலோமீற்றர், ஒரு ஞாயிறு, இரண்டு பேர். கண்ட சுமைதாங்கி, கேணி, மடம், ஆவுரஞ்சிக்கல் ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் படமெடுங்கோ. பக்கத்தில் சைக்கிளை நிப்பாட்டி எடுத்தால் உயரம் விளங்கும். கிட்ட இருக்கிற வயது போனவர்களிடம் மூன்று கேள்வி: ஆர் வைத்தது, ஆருக்காக வைத்தது, ஆரை விடவில்லை. இரவோடு இரவாக எழுதி வையுங்கோ, மறந்துபோம். வீதி வேலை வரப்போகுது என்று கேள்விப்பட்டால், கல் போட முதல் பிரதேச சபைக்கு ஒரு பக்கக் கடிதம், படத்தோடு. இரண்டடி தள்ளி வையுங்கோ என்று கேட்டால் போதும்.

நாங்கள் அந்த ஒழுங்கைக்கு மூன்றாம் முறையும் போனோம். அந்தப் பெண்ணின் பெயர் தெரிந்த ஆராவது இருக்கினமா என்று விசாரித்தோம். ஆச்சியின் மாமியாருடைய தங்கச்சி ஒருவர் வட்டக்கச்சியில் இருக்கிறாவாம், தொண்ணூறு வயது தாண்டிவிட்டதாம். அது சைக்கிளில் போகிற தூரமில்லை. வார விடுமுறையில் பஸ்ஸில் போகிறோம்.