நாலு செக்கனில் அணையும் கணனி



வளர்ந்த ஆண்பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஒரு கடையில் மதர்போட், இன்னொரு கடையில் ப்ரொசஸர், கூட்டாளியிடமிருந்து பழைய ஹார்ட் டிஸ்க் என்று சாமான்களைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். சாப்பாட்டு மேசையை இரண்டு நாள் பிடித்துக்கொண்டு ஒரு கணனியைப் பூட்டி முடிப்பார்கள். செலவு குறையும், வேண்டியதை வேண்டிய அளவில் போட்டுக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் பூட்டிய கணனி போட்டதும் அணைந்துபோனால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒவ்வொரு கடைக்காரரும் "எங்கட சாமான் நல்லம்" என்பார். வீட்டில் வாப்பாவும் மகனும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பது நாம்தானே!

என் ராத்தா வீட்டில் இதுதான் நடந்தது. ராத்தாவின் மகள் வீட்டிலிருந்தபடியே கலியாணக் கார்ட் வடிவமைத்துக் கொடுக்கிறாள். அவளுடைய வேலைக்கென்று சீட்டுக் காசை எடுத்து, அவளுடைய தம்பி பூட்டிய கணனி அது. மூன்று கிழமை ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் மஃரிபுக்குப் பின் தொலைபேசி வந்தது.

"சாச்சி, சுவிச்சப் போட்டா உசிரு வருது. அஞ்சு எண்ணுறதுக்குள்ள மவுத்தாகிடுது!"

முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போயிருக்கிறார்கள். மூடியைக்கூடக் கழற்றாமல், "மதர்போட் போயிட்டு, மாத்தத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டார்களாம். மாற்றுவதென்றால் இன்னொரு சீட்டு எடுக்க வேண்டும். கார்ட்டை அச்சகத்துக்குக் கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. வேலை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்ளே கிடக்கிறது.

நான் பொறியியல் படித்தவள் அல்ல. ஆனால் கணனியோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் ஒன்று படித்திருக்கிறேன். அணையும் கணனியைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எத்தனை செக்கனில் அணைகிறது?" என்பதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எப்போதிருந்து, எவ்வளவு என்று டொக்டர் கேட்பதில்லையா? அதுபோலத்தான்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டம் நேராகக் கணனிக்குள் போவதில்லை. பின்பக்கத்தில் இருக்கும் பவர் சப்ளை என்ற இரும்புப் பெட்டி அதை 12, 5, 3.3 வோல்ட் நேரோட்டமாக மாற்றிக் கொடுக்கிறது. போட்டவுடன் அது தன்னைத்தானே சரிபார்த்து, அரைச் செக்கனுக்குள் "எல்லாம் சரி" என்று மதர்போட்டுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும். எங்காவது கம்பி ஒன்றோடொன்று தொட்டு ஷோட் ஆகியிருந்தாலோ, அளவுக்கு மிஞ்சி மின்சாரம் இழுக்கப்பட்டாலோ உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். அப்படி அணைவது பழுதல்ல, பாதுகாப்பு.

ஆகவே கண் மூடித் திறப்பதற்குள் அணைந்தால் எங்கோ ஷோட் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். மதர்போட்டுக்கு அடியில் பித்தளைக் கால்கள் சில பூட்டப்பட்டிருக்கும். போட்டில் துளை இல்லாத இடத்தில் ஒரு கால் மிஞ்சி நின்றால் அது போட்டின் முதுகில் குத்திக்கொண்டு நிற்கும். கழன்று விழுந்த ஓர் ஆணி போதும், பெட்டியையே முடக்கிவிடும். ப்ரொசஸருக்கென்று மேல் மூலையில் தனியாக ஒரு மின் கேபிள் உண்டு. பெரிய கேபிளைச் செருகிவிட்டு இதை மறந்துபோகிறவர்கள் அநேகர். அதை விட்டால் சில போட்கள் உடனே அணையும், சிலவற்றில் விசிறி சுற்றும், திரை மட்டும் வராது.

அரை நிமிடம், ஒரு நிமிடம் ஓடிவிட்டு அணைந்தால் சூடு. ப்ரொசஸரின் மேல் உட்காரும் விசிறிப் பாகம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கலாம். அதன் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்காமலே பூட்டியும் இருக்கலாம். (சிரிக்காதீர்கள், நன்றாகப் படித்தவர்களும் செய்கிற தவறு இது.) இக்கால ப்ரொசஸர்களில் பெரும்பாலானவை 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரை தாங்கும். அந்த எல்லையில் முதலில் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், முடியாவிட்டால் அணைந்துவிடும். பழைய கணனி என்றால் தூசியைப் பாருங்கள். சமையலறைக்குப் பக்கத்தில் வைத்த கணனிக்குள் எண்ணெய்ப் பசையோடு தூசி படிந்து கம்பளிபோல் கிடக்கும்.

மணிக்கணக்காக ஓடிவிட்டு, விளையாட்டுப் போட்டால் மட்டும் அணைகிறதா? பவர் சப்ளைக்குச் சக்தி போதவில்லை என்பது முதல் சந்தேகம். பெரிய கிராபிக்ஸ் கார்டைப் போட்டுவிட்டு மலிவான பவர் சப்ளையோடு ஒப்பேற்றப் பார்ப்பதுதான் இளைஞர்களின் வழக்கம். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வொட் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். என்னைக் கேட்டால், செலவைக் குறைக்கக் கூடாத ஒரே சாமான் அதுதான் என்பேன்.

இன்னொரு விஷயம். டிடிஆர்5 ரேம் போட்ட புதிய கணனியை முதல் தடவை போடும்போது சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கலாம். தானே ஒரு தடவை அணைந்து மீண்டும் வரவும் கூடும். அது ரேமை அளந்து பார்க்கிறது. பொறுமையில்லாமல் பிளக்கைப் பிடுங்கினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

சரி, நம் பிள்ளையிடம் வருவோம்.

"மகன், ஒவ்வொரு முறையும் அதே நேரந்தானா? கடிகாரத்தப் பாத்துச் சொல்லு."

அளந்து பார்த்தான். நாலு செக்கன். மறுபடி நாலு. அடுத்த தடவை ஒரு மணித்தியாலம் குறையில்லாமல் ஓடியது. அணைத்துவிட்டுப் போட்டால் மீண்டும் நாலு செக்கன்!

முதலில் யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுச் சுவர் பிளக்கில் நேரடியாகக் கொடுக்கச் சொன்னேன். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்தில் வாங்கிய யூபிஎஸ்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் பற்றரியின் ஆயுள் பொதுவாக மூன்று முதல் ஐந்து வருடம்தான். அது செத்த பிறகு, கரன்ட் ஒரு கணம் துடித்தாலே கணனி அணைந்துவிடும். பற்றரி நன்றாக இருந்தாலும், மலிவான யூபிஎஸ் கொடுக்கும் மின்சாரத்தைச் சில பவர் சப்ளைகள் ஏற்றுக்கொள்ளாது. ஆனால் ராத்தா வீட்டில் சுவரில் கொடுத்தும் அதே கதைதான்.

அப்படியென்றால் பொத்தானைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. முன்னைய கணனிகளில் பொத்தான் மின்சாரத்தையே துண்டிக்கும். 1995 இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ஏடிஎக்ஸ் முறை பரவிய பிறகு, பொத்தான் மதர்போட்டிடம் விண்ணப்பம் மட்டுமே செய்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் "எழும்பு" என்று அர்த்தம். ஏறக்குறைய நாலு செக்கன் அழுத்திப் பிடித்தால் "உடனே அணை" என்று அர்த்தம். கணனி இறுகி நிற்கும்போது நாமே அப்படிச் செய்வோமல்லவா? பொத்தான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால், யாரோ விரலை வைத்து அழுத்திக்கொண்டிருப்பதாகத்தான் மதர்போட் நினைக்கும். பாவம், அது சொன்னதைச் செய்கிறது.

திறந்து பார்க்கச் சொன்னேன். எப்படித் திறப்பது என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள், பிள்ளைகள் அவசரத்தில் மறந்துவிடுவார்கள். பிளக்கைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்ற வேண்டும். பிறகு ஒரு தடவை பொத்தானை அழுத்திவிட்டால் மிஞ்சியிருக்கும் மின்சாரம் இறங்கும். கையில் வளையல், மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். உள்ளே கை வைக்குமுன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின் இறங்கிவிடும். எல்லாம் தொடலாம், பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும். யூடியூபில் பார்த்தேன் என்று மகன் ஸ்க்ரூ ட்ரைவரைத் தூக்கினால், அந்த நேரம் கண்டிப்பான உம்மாவாக இருங்கள்!

பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களைப் புதியதில் செருகவும் விடாதீர்கள். பார்வைக்குப் பொருந்தும், செருகவும் முடியும். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி கம்பிகளின் வரிசை வேறு. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், பிள்ளைகளின் படங்களெல்லாம் இருக்கும் ஹார்ட் டிஸ்க் கருகிப் போகும்.

மூடியைக் கழற்றி, முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய வயரை மதர்போட்டிலிருந்து இழுத்துவிடச் சொன்னேன். பக்கத்தில் ரீசெட் பொத்தானின் வயர் இருக்கும். அதை எடுத்து, முதல் வயர் இருந்த ஊசிகளில் செருகினான். இனி ரீசெட் பொத்தானே போடும் பொத்தான். இதற்கு ஐந்து சதம் செலவில்லை.

"இப்ப அமத்து."

தொலைபேசியில் நானும் சேர்ந்து எண்ணினேன். நாலு தாண்டியது. பத்து, இருபது. பின்னால் ராத்தா மகளின் சத்தம், "வந்திட்டு, கார்ட் வந்திட்டு!" என்று.

முன்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பொத்தானை வெளியே தள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு வெடித்திருந்தது. அழுத்தினால் சில நேரம் மீண்டு வரும், சில நேரம் உள்ளேயே நிற்கும். மதர்போட்டுக்கு ஒன்றுமில்லை.

உங்கள் வீட்டில் அத்தனை இலேசாக முடியாவிட்டால் மனம் தளர வேண்டாம். மதர்போட்டை வெளியே எடுத்து, அது வந்த கடதாசிப் பெட்டியின் மேல் வைத்து, ப்ரொசஸர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை இவற்றோடு மட்டும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். (ப்ரொசஸரில் கிராபிக்ஸ் இல்லாவிட்டால் கார்டும் வேண்டும்.) நின்று ஓடினால் கழற்றியவற்றில் அல்லது இரும்புப் பெட்டியில்தான் குற்றம். அப்போதும் அணைந்தால் தெரிந்தவரிடமிருந்து நல்ல பவர் சப்ளை ஒன்றை, அதன் கேபிள்களோடு, இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். மதர்போட்டைக் குறை சொல்வது அதற்குப் பிறகு.

கணனியோடு சேர்ந்து வீட்டு ட்ரிப் சுவிச்சும் விழுகிறது என்றாலோ, கருகிய மணம் வந்தாலோ இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். பெட்டியைத் தொட்டால் கை சுள்ளென்கிறதா? அந்தப் பிளக்கில் ஏர்த் இல்லை. அதையும் அவரிடமே காட்டிவிடுங்கள்.

கார்ட் உரிய நாளில் அச்சகத்துக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டியில் பெரிய பொத்தான் இப்போது வெறும் அலங்காரம். ராத்தா மட்டும் இன்னும் அதைத்தான் அழுத்திப் பார்த்துவிட்டு, "கரன்ட் போயிட்டா மகள்?" என்று கேட்கிறாவாம்.